கங்காருவின் பங்காளி

தைலசீன் போட்டோவைக் காட்டினால் பத்துக்கு ஒன்பது பேர் ‘நாய் சார்!’ என்பார்கள். முதுகுக் கோடுகளைப் பார்த்து ஒருத்தர் ‘புலி’ என்பார். இரண்டுமே தப்பு. ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே, டாஸ்மேனியாத் தீவில் வாழ்ந்து அழிந்த இந்தப் பிராணி, குட்டியைப் பையில் சுமக்கிற ஜாதி. கங்காருவுக்குத் தூரத்துப் பங்காளி. இன்று உயிரோடிருப்பதில் நெருங்கிய சொந்தம், டாஸ்மேனியன் டெவிலும் கரையான் தின்னும் நம்பாட்டும்தான்.

நாயும் இதுவும் பாகம் பிரிந்து 12 கோடி வருஷத்துக்கு மேலாகிறது. அப்புறம் எப்படி அதே மூஞ்சி? பிழைப்பு ஒன்றானால் தாடையும் ஒன்றாகிவிடும். அதனால்தான் விலங்கியல்காரர்கள் முகத்தை நம்பாமல் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்கள். மேல்தாடையில் நாய்க்கு 6 வெட்டுப்பல், இதற்கு 8. அண்ண எலும்பில் இரண்டு ஓட்டை வேறு!

செம்மறி வளர்த்தவர்களுக்கு ஓட்டையைப் பற்றி என்ன கவலை? ஆடு திருடி என்று பட்டம் கட்டினார்கள். 1888 முதல் 1909 வரை, பெரிசுக்கு 1 பவுண்டு வீதம் அரசாங்கமே 2,184 தடவை வெகுமதி கொடுத்தது. கடைசியாக அறியப்பட்ட தைலசீன் 1936 செப்டம்பர் 7-ம் தேதி ஹோபார்ட் மிருகக்காட்சி சாலையில் செத்தது. இந்த இனத்தைப் பாதுகாக்க உத்தரவு வந்து அப்போது 59 நாள்!

ஃபைல் நகர்கிற வேகம் எல்லா தேசத்திலும் ஒன்றுதான் போல.