நிலம் கொடுக்காத புத்திமதி

இலங்கை மலையகத்தின் தலவாக்கலைத் தேயிலைத் தோட்ட லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், விடியற்காலைச் சாப்பாடு பெரும்பாலும் தடித்த கோதுமை ரொட்டி. கூடவே கொஞ்சம் சம்பல், உள்ளங்கையில் நக்கிக்கொள்ளச் சீனி, கோப்பை நிறையச் சாயத்தண்ணி. கொழுந்து பறிக்க மலை ஏறுவது இந்தத் தெம்பில்தான். மாவையும் சீனியையும் குறையுங்கள் என்ற சுகாதார அறிவுரையில் பிழை இல்லை. ஆனால் இந்தச் சாப்பாடு தோட்ட மக்கள் விரும்பித் தேடிக்கொண்டது அல்ல.

இதன் வேர் பழையது. 1942இல் போர்க்கால உணவுப் பங்கீடு வந்தது. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏற்றியதும் ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அரசாங்கத்தை மிரட்டும் வாக்கு கிராமத்தாரிடம் இருந்தது. குடியுரிமை பறிக்கப்பட்ட தோட்ட மக்களிடம் அது இல்லை.

அந்த வாக்கு இல்லாததன் விலை 1973, 74இல் தெரிந்தது. உலகச் சந்தையில் தானிய விலை எகிற, அரசாங்கம் இறக்குமதியைச் சுருக்கி 'உணவு உற்பத்திப் போர்' அறிவித்தது. மரவள்ளி நடுங்கள் என்றது. எங்கே நடுவது? கிராமத்தில் வீட்டைச் சுற்றித் துண்டு நிலமாவது உண்டு. லயத்து மக்களுக்குச் சொந்தமாக ஒரு பாத்தியும் இல்லை. மாவும் சீனியும் அருகிப்போக, பசி தாங்காமல் நகரங்களுக்குப் போய்க் கையேந்தினார்கள். தோட்டங்களில் சாவு கூடியது. 1977 மே மாதம், தோட்டக் காணியை வெளியாருக்குப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்துத் தலவாக்கலைப் பக்கம் டெவன் தோட்டத்தில் திரண்டவர்கள் மீது பொலிசார் சுட்டதில் சிவனு லட்சுமணன் என்பவர் இறந்தார். பட்டினியைக் கண்டவர்களுக்குக் காணி போவது என்னவென்று தெரியும்.

2017 நவம்பரில் இனிப்புப் பானங்களுக்குச் சீனி ஒரு கிராமுக்கு 50 சத வரி வந்தது. அதை நான் முழுமனதுடன் ஆதரிக்கிறேன். சோடாப் போத்தல் இல்லாமல் எந்தப் பிள்ளையும் பட்டினி கிடக்காது. அடுத்த ஆண்டே வரியைத் தளர்த்தியது தவறு. ஆனால் ரொட்டி மாவிலும் தேத்தண்ணிச் சீனியிலும் கைவைப்பது வேறு கதை. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 வீதம், தோட்டப்புறத்தில் ஏறக்குறைய 32 வீதம். இந்தப் பிள்ளைகளின் தட்டில் ரொட்டியைக் குறைப்பதற்கு முன் அதில் பருப்பும் முட்டையும் பாலும் வந்து சேர வேண்டும்.

அதற்குக் காணி வேண்டும். அண்மைக்கால வீடமைப்புத் திட்டங்கள் பலவும் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி கொடுத்தன. அதில் வீடு எழும்பினால் மிச்சம் முற்றம்தான். மரக்கறிப் பாத்திக்கும் மாட்டுப்பட்டிக்கும் தோட்டக் காணியிலிருந்து தனியாக அளந்து, உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும்.