புரிந்ததா என்று கேட்போம்

வீட்டுக்கு விருந்தாளி வந்ததும், "மாமாவுக்கு இங்கிலீஷ் ரைம்ஸ் சொல்லிக் காட்டு" என்று பிள்ளையை முன்னால் நிறுத்துகிறோம். யு.கே.ஜி. படிக்கும் குழந்தை கையை ஆட்டி ஒப்பிக்கிறது. நமக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பாட்டில் என்ன நடக்கிறது என்று நம்மில் யாராவது அதனிடம் கேட்டிருக்கிறோமா?

நம் ரஞ்சன்குடிப் பக்கம் மக்காச்சோளத்திலும் பருத்தியிலும் சின்ன வெங்காயத்திலும் வந்த காசைத்தான் வேனுக்கும் ஃபீஸுக்கும் கட்டுகிறோம். நாளை இன்டர்வியூவில் நம் பிள்ளை வாயடைத்து நிற்கக் கூடாது என்ற ஆசைதான் காரணம். ஆசையில் குற்றமில்லை, ஆங்கிலம் வேண்டும். ஆனால் ஆங்கிலத்தைக் கற்பதும், எல்லாப் பாடத்தையும் ஆங்கிலத்திலேயே கற்பதும் ஒன்றா? தமிழ் வழி அரசுப் பள்ளியிலும் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் ஒரு பாடம் என்பதை ஏன் மறந்துபோகிறோம்?

செடி உணவு தயாரிப்பதைப் பற்றி ஐந்தாம் வகுப்புப் பெண் ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதி முழு மார்க் வாங்குகிறாள். அவளையே கொல்லைக்குக் கூட்டிப்போய், "இந்தச் சோளத்துக்கு வெயில் எதுக்கும்மா?" என்று கேட்டால் விழிக்கிறாள். மனப்பாடத்துக்கு வந்த மார்க்கைப் படிப்புக்கு வந்ததாக எத்தனை நாள் நம்பிக்கொண்டிருப்போம்?

குழந்தைக்குப் பாடம் சொல்ல ஏற்ற மொழி தாய்மொழிதான் என்று யுனெஸ்கோ 1953-லேயே சொல்லிவிட்டது. கனடாவில் குடியேறிய பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ், ஆங்கிலத்தில் சகஜமாகப் பேச ஏறக்குறைய இரண்டு ஆண்டு போதும், பாடம் படிக்கும் அளவுக்குத் தேற ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும் என்று கண்டார். தாய்மொழியில் வாசிக்கவும் யோசிக்கவும் பழகிய திறன் அடுத்த மொழிக்கும் கைகொடுக்கும் என்பதும் அவர் முடிவு. தெருவெல்லாம் ஆங்கிலம் ஒலிக்கும் ஊரிலேயே அத்தனை காலம் பிடிக்கிறது. வகுப்பறையைத் தாண்டினால் ஆங்கிலமே காதில் விழாத நம் பிள்ளையை ஆறு மாதத்தில் பேசச் சொல்லி விரட்டுவது நியாயமா?

"வீட்டிலும் இங்கிலீஷே பேசுங்க" என்று மிஸ் சொன்னதற்காக, நமக்கே தெரியாத மொழியில் பிள்ளையை அதட்டுகிறோம். வகுப்பில் தமிழ் பேசியதற்கு அபராதம் என்றாலும் மறுபேச்சில்லாமல் கட்டுகிறோம். வயிறு வலிப்பதையும், யாரோ அடித்ததையும், கணக்குப் புரியாததையும் அது எந்த மொழியில் நம்மிடம் சொல்லும்?

சாயங்காலம் டைரியில் கையெழுத்துப் போடும் முன், இன்று படித்ததைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்போம். ஒரு தமிழ்க் கதைப் புத்தகமாவது வாங்கித் தருவோம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு நாம்தான், பெற்றோர்தான். எந்தப் பள்ளியானாலும் அடுத்த கூட்டத்தில், "என் பிள்ளை ஏன் இன்னும் இங்கிலீஷ் பேசவில்லை?" என்பதை விட்டுவிட்டு, "என் பிள்ளைக்குப் பாடம் புரிகிறதா?" என்று கேளுங்கள்.