தோல் ஓரம் மின்ன விறகுக் கட்டை போதும்!

கடையில் தோல் பெல்ட் வாங்குகிறவர் என்ன செய்கிறார்? கொக்கியைப் பார்க்கிறார். பிறகு ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்க்கிறார். ஓரம் பிசிறாக இருந்தால் கீழே வைத்துவிட்டுப் போய்விடுகிறார். வழவழப்பாக இருந்தால் விலை கேட்கிறார்!

கையால் செருப்பும் பெல்ட்டும் தைக்கும் தொழிலாளியின் கூலி அந்த ஓரத்தில்தான் இருக்கிறது.

அந்த ஓரத்துக்கு மெருகு ஏற்றுவது ஒரு சிறிய மரக்கட்டை. கட்டையில் பள்ளம் வெட்டியிருக்கும். தோலின் ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் அல்லது பசை தடவுவார்கள். பள்ளத்தில் ஓரத்தை வைத்து வேகமாகத் தேய்ப்பார்கள். தேய்க்கத் தேய்க்கச் சூடு பிறக்கும். அந்தச் சூட்டில் தோலின் நார்கள் படிந்து, இறுகி, மின்னும்.

மரப்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோலுக்குத்தான் இந்த மெருகு நன்றாக ஏறும். குரோம் உப்பில் பதனிட்ட தோலுக்கு ஏறாது.

கருங்காலி மோகம்

இந்தக் கட்டைக்கு எந்த மரம் நல்லது?

"கருங்காலிதான் வேண்டும். ஈட்டிதான் வேண்டும். வெளிநாட்டு மரம் என்றால் இன்னும் உசத்தி" என்று ஒரு பேச்சு இருக்கிறது.

அவை நல்ல மரங்கள். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கருங்காலி மிக மெதுவாக வளரும் மரம். ஈட்டி இனம் முழுவதும் 2017-ம் ஆண்டு முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின் கீழ் வந்துவிட்டது. அந்த அளவுக்கு உலகில் அது குறைந்து போயிற்று. ஒரு சாண் கட்டைக்காக அந்த மரங்களைத் தேட வேண்டுமா?

இன்னொரு ஆபத்தும் உண்டு. சாயம் பூசிய கட்டையைக் "கருங்காலி" என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். ஈரத் தோலில் அதைத் தேய்த்தால் சாயம் இறங்கிவிடும். கொடுத்த காசும் போச்சு, பெல்ட்டும் போச்சு!

வேண்டிய குணம் மூன்று

கட்டை கெட்டியாக இருக்க வேண்டும். இழை நெருக்கமாக இருக்க வேண்டும். நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் போதும்.

தேக்கு உயர்ந்த மரம். ஆனால் அதன் துளைகள் பெரியவை. கெட்டியும் போதாது. இந்த வேலைக்கு அது சரிப்படாது.

கருவேல மரம் சரிப்படும். வண்டிச் சக்கரத்துக்கு உழைத்த மரம் அல்லவா அது! புளிய மரத்தின் வைரம் சரிப்படும். கறிக்கடையில் வெட்டுப்படும் கட்டை அதுதான். உடைந்த உலக்கை, தச்சரின் பழைய கொட்டாப்புளி, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் எல்லாம் பல ஆண்டுகள் காய்ந்தவை. தேடினால் வீட்டிலேயே கிடைக்கும்.

ஊரெல்லாம் முள்

இவை எதுவும் கிடைக்காவிட்டால் சீமைக் கருவேல் இருக்கிறது. வயலையும் கண்மாயையும் பிடித்துக்கொண்டதாக ஊரே அதைத் திட்டுகிறது. வெட்டினால் விறகு, இல்லாவிட்டால் கரி. ஆனால் அதன் வைரம் கனமானது. காயும்போது அதிகம் சுருங்காது. கோணல் மரம் என்பதால் நீளப் பலகை கிடைப்பது அரிது. மெருகேற்றும் கட்டைக்கு நீளம் எதற்கு?

விறகுக் கடையில் கட்டையை எடுத்து நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும். தடம் விழக்கூடாது. சிறு துண்டைத் தண்ணீரில் போட்டால் பெரும்பகுதி அமிழ வேண்டும்.

பச்சைக் கட்டையை வெயிலில் போட்டால் வெடித்துவிடும். இரு முனைகளிலும் மெழுகு தடவி, நிழலில் மாதக் கணக்கில் காய வைக்க வேண்டும். பிறகு கடைசல் பட்டறையில் கொடுத்தால் உருட்டிப் பள்ளம் எடுத்துத் தருவார்கள். பள்ளம் தோலின் கனத்துக்குச் சற்றே அகலமாக இருக்க வேண்டும். நைஸ் உப்புத்தாள் போட்டு, மெழுகு தேய்த்தால் வேலை முடிந்தது.

ஒன்றை மறக்கக்கூடாது. பழைய கட்டையில் ஆணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டையில் பதனிட்ட ஈரத்தோலில் இரும்பு பட்டால் கறுப்புக் கறை விழும். அந்தக் கறை லேசில் போகாது.

கைத்தொழிலாளிக்கு ஒரு ரூபாய் மிச்சமானாலும் அது வீட்டுக்கு வரும் ரூபாய். கருங்காலி காட்டிலேயே நிற்கட்டும். சீமைக் கருவேல் பட்டறைக்கு வரட்டும்!