மீனுக்கு என்ன சாப்பாடு என்று யோசித்தீர்களா?



"கண்ணுக்கே தெரியாத பூச்சியைத் தேடி கடலுக்குள்ளே ஒலி அனுப்புகிறார்களாம். ஊர்ப் பணம் இப்படித்தான் கரைகிறது" என்று நம் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். ஐந்தாறு பேர் கைதட்டியிருந்தீர்கள். என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

அந்தப் 'பூச்சி'க்கு மிதவை உயிரி, அதாவது பிளாங்டன் என்று பெயர். மத்தியும் நெத்திலியும் அதைத் தின்று வளர்கின்றன. அந்தச் சிறு மீனை வஞ்சிரம் தின்கிறது. வஞ்சிரத்தை நாம் தின்றுவிட்டு, பூச்சி எதற்கு என்கிறோம்! குரும்பகரத்தில் நாற்று நடுமுன் மண்ணைப் பரிசோதித்தால் அதை வீண்செலவு என்பீர்களா?

செயற்கைக்கோள் போதாதா என்கிறார்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் கடல்நீரின் நிறத்தையும் வெப்பத்தையும் செயற்கைக்கோளில் பார்த்து மீன் கிடைக்கும் இடத்தைச் சொல்கிறது. நல்ல பணிதான். ஆனால் அது மேல்நீரைத்தான் பார்க்கும். மேகம் மூடினால் நிறமும் தெரியாது. விலங்கு மிதவை உயிரிகளில் பலவும் பகலில் ஆழத்தில் பதுங்கி, இருட்டிய பின்தான் மேலே வரும்.

அந்த ஆழத்தைக் காட்டுவது ஒலி. 1942இல் அமெரிக்கர்கள் நீர்மூழ்கிகளைத் தேட ஒலி அனுப்பியபோது, கடலின் நடுவே ஒரு பொய்த் தரை தெரிந்தது. அது பகலில் இறங்கியது, இரவில் ஏறியது. உயிரினக் கூட்டமே அது என்று 1945இல் மார்ட்டின் ஜான்சன் காட்டினார்.

ஒன்பதாம் வகுப்பில் சோனார் கணக்குப் போட்டவர்கள்தானே நீங்கள்? கடலில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 1500 மீட்டர். 38 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கு அலைநீளம் சுமார் 4 சென்டிமீட்டர். 200 கிலோஹெர்ட்ஸுக்கு 7.5 மில்லிமீட்டர். சிறிய உயிரைக் காண அதிக அதிர்வெண் வேண்டும். ஆனால் அது நீரில் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால்தான் பல அதிர்வெண்களில் அனுப்பி ஒப்பிடுகிறார்கள், வலையில் அள்ளியும் சரிபார்க்கிறார்கள்.

காரைக்கால் விசைப்படகுகளில் எக்கோ சவுண்டர் புதிதல்ல. திரையில் மீன் கூட்டம் அடர்த்தியாகத் தெரியும். மெல்லிய சாரல்போல் தெரிவதைத் தொந்தரவு என்று குறைத்துவைப்பார்கள். பல வேளைகளில் அந்தச் சாரல்தான் மீனின் சாப்பாடு! பிடிக்க மட்டும் ஒலி வேண்டும், கடலில் மிச்சம் என்ன என்று அறிய வேண்டாமா?

கேரளத்தில் 2012இல் ஏறக்குறைய 4 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021இல் 4 ஆயிரம் டன்கூட இல்லை. கடலின் சூடு, இரை, மிகைப்பிடிப்பு என்று காரணங்களை அப்புறம் ஆராய்ந்தார்கள். நம் கரையிலும் மீன் போன பிறகுதான் விழிக்க வேண்டுமா?

ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் மீனவர் வயிற்றைக் கட்டுகிறார். அந்த நாட்களில் கடலுக்குள் என்ன பெருகியது என்று அவருக்குச் சொல்லும் கடமை அரசுக்கு இல்லையா? சென்னை கடல் தொழில்நுட்ப நிறுவனம் மிதவைகளை நிறுத்திப் பல ஆண்டுகளாகக் காற்றையும் வெப்பத்தையும் அளக்கிறது. அப்படி ஒரு மிதவையில் ஒலிக்கருவியும் பொருத்தி நம் கரைக்கு எதிரே நிறுத்தட்டும். பதிவைத் தமிழில், கிளிஞ்சல்மேடு மீனவர் படிக்கும்படி கொடுக்கட்டும். அது வீண்செலவு என்பவர் காரணத்தோடு இங்கேயே எழுதுங்கள். கைதட்டல் படம் மட்டும் போட்டால் மதிப்பெண் கிடையாது.