கழகங்கள் கரைக்கு வரட்டும்

நிபோங் திபாலில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகத்தில் மழைநீர் ஓடுவதற்குப் புல் வளர்ந்த ஆழமற்ற பள்ளங்கள் உள்ளன. மழைநீர் புல்லின்மீது மெதுவாக நகர்ந்து, அடியிலுள்ள மணலில் வடிந்து, குளங்களையும் சதுப்புநிலத்தையும் கடந்து, தெளிந்த பிறகே கிரியான் ஆற்றை நோக்கிச் செல்கிறது. ‘பயோஇகோட்ஸ்’ எனப்படும் இந்த வடிகால் முறையை நீர்ப்பாசன வடிகால் துறையும் பல்கலைக்கழகமும் இணைந்து 2002ஆம் ஆண்டில் அமைத்தன. முன்பு செம்பனை நின்ற சமதரை அது. சிமெண்டுக் கால்வாய் நீரை விரைவாக விரட்டிவிடும். விரட்டப்பட்ட நீரோ தாழ்வான கம்பத்தில் போய்த் தேங்கும்.

சுற்றுச்சூழல் தொழில்நுட்பம் பயிலும் மாணவர்களின் கழகங்களுக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? ஆயினும், மாணவர் கழகங்கள் பலவற்றின் நடவடிக்கைகள் ஒரு நாள் கோத்தோங் ரோயோங்கோடும் ஓர் உரையோடும் முடிந்துவிடுகின்றன. சட்டை அச்சிடப்படும், படம் எடுக்கப்படும், சான்றிதழ் வழங்கப்படும். குப்பை அகற்றிய கரை அடுத்த மாதம் எப்படி இருந்தது என்று பார்க்க யாரும் திரும்பிச் செல்வதில்லை.

தேர்வுச் சுமை மிகுந்த மாணவர்களிடம் இதற்குமேல் எதிர்பார்க்கலாமா எனச் சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். ஆனால், தனி மாணவரால் செய்ய முடியாததைச் செய்வதற்குத்தானே கழகம் இருக்கிறது! பொறியியல் மாணவர் நான்கு ஆண்டுகளில் பட்டம் பெற்றுச் சென்றுவிடுவார். ஆறு அங்கேயே இருக்கும். இதே வட்டாரத்தில் உள்ள பூலாவ் பூரோங் குப்பைக் கிடங்கை எடுத்துக்கொள்ளலாம். 2022 ஜனவரியில் அங்குப் பற்றிய தீயின் புகை சுற்றுவட்டார மக்களை வாட்டியது. தீ அணைந்ததும் செய்தியும் அடங்கியது. ஆனால், குப்பைக் கிடங்குகளில் ஊறும் கசிவுநீர் அப்படி அடங்குவதில்லை. கிடங்கை மூடிய பிறகும் பல ஆண்டுகள் அது வடிந்துகொண்டிருக்கும். அத்தகைய சிக்கலைத் தொடர்ந்து கண்காணிக்க, ஒரு செயலாளரிடமிருந்து அடுத்தவர் கைக்கு மாறும் குறிப்பேடு வேண்டும்.

இங்கேதான் தொழில்முறை அமைப்புகள் துணைநிற்க வேண்டும். 1959இல் தோன்றிய மலேசியப் பொறியாளர் சங்கம் பல்கலைக்கழகங்களில் மாணவர் பிரிவுகளைக் கொண்டுள்ளது. அனுபவமிக்க பொறியாளர்கள் அங்குச் சென்று வேலைவாய்ப்பு பற்றி மட்டும் பேசினால் போதாது. மாணவர்கள் எடுத்த அளவீடுகளைப் பார்த்து, “இந்த எண் தவறு, மீண்டும் அளந்து பாருங்கள்,” என்று சொல்லவும் வேண்டும். பொறியாளர் வாரியத்தின் நடத்தை நெறி பொதுமக்களின் பாதுகாப்புக்கும் நலனுக்குமே முதலிடம் தருகிறது. அந்த நெறியை வகுப்பறையில் மனப்பாடம் செய்வதைவிட ஆற்றங்கரையில் பழகுவது எளிது.

1977இல் பினாங்கில் தொடங்கிய சஹாபாட் ஆலாம் மலேசியாவின் குரல் இன்றும் கேட்கிறது என்றால், அதற்குக் காரணம் ஒருநாள் நிகழ்ச்சிகள் அல்ல. விடாமல் தொடர்ந்த உழைப்பே.

இப்பணியில் இடைநிலைப்பள்ளிக் கழகங்களுக்கும் இடமுண்டு. மின்மினிகளைக் காணப் பயணிகள் படகேறும் அதே கிரியான் ஆற்றுக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் மாதம் ஒருமுறை பள்ளி மாணவர்களை அழைத்துச் செல்லலாம். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. கறுப்பு வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்கி, அது எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று குறித்தாலே நீரின் தெளிவை அளந்துவிடலாம். தேதியையும் முந்தைய நாள் மழை பெய்ததா என்பதையும் பக்கத்தில் எழுதிவைத்தால், அந்தக் குறிப்பேட்டின் முதல் வரி தயாராகிவிடும்.