அருவிக்கு வேலி போட்டவர்களை மே 1 அன்று கேள்வி கேட்போம்!

தோழர்களே,

ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று உள்ளே நுழைய இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. சாரல் விழுந்துவிட்டால் குற்றாலம் முழுக்க வேன்களும் கடைகளும் கூட்டமுமாகிவிடும். அதன் பிறகு நாம் என்ன கத்தினாலும் யார் காதிலும் ஏறாது. அதனால்தான் இப்போதே அழைக்கிறோம்.

பேரருவிக்குப் போய் ஒரு காலைப்பொழுது நின்று பாருங்கள். திருநெல்வேலி வக்கீலும், கொல்லத்திலிருந்து வந்த கட்டடத் தொழிலாளியும், சங்கரன்கோவில் விசைத்தறிக்காரரும் எண்ணெய் வடியும் தலையோடு தோளுக்குத் தோள் இடித்துக்கொண்டு நிற்பார்கள். அந்தப் பக்கம் ஆலங்குளத்துப் பீடி சுற்றும் அக்காவும் அதிகாரி வீட்டு அம்மாவும் ஒரே தண்ணீருக்குத் தலையைக் கொடுப்பார்கள். ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்பதைத் தவிர அங்கே வேறு பிரிவு கிடையாது. குளிக்க யாரும் டிக்கெட் கேட்பதில்லை. வெள்ளம் கூடினால் தடை. அந்தத் தடையும் எல்லோருக்கும்தான்.

அங்கிருந்து மேக்கரை, கண்ணுப்புளிமெட்டு, குண்டாறு பக்கம் போங்கள். மலையிலிருந்து இறங்கும் ஓடைக்குக் குறுக்கே கல்லும் மணல் மூட்டையும் அடுக்கி, தண்ணீரைக் கறுப்புக் குழாயில் இழுத்துக்கொண்டுபோய், பாறைபோல் சிமென்ட் பூசிய சுவரிலிருந்து கொட்டவிடும் வேலை நடந்திருக்கிறது. கீழே டைல்ஸ் பதித்த தொட்டி, வெளியே இரும்பு கேட், கேட்டில் அந்நியர் நுழையக் கூடாது என்ற பலகை. இதற்குப் பெயர் ‘பிரைவேட் ஃபால்ஸ்’. பரம்பரையாக அந்த ஓடையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியவன் இன்றைக்கு அந்நியன்!

இது நாமாகச் சொல்லும் புகார் அல்ல. சொகுசு விடுதிகள் இயற்கை அருவி நீரைத் திசைதிருப்பிச் செயற்கை அருவிகள் அமைப்பதை எதிர்த்த பொதுநல வழக்கு 2022 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் விசாரணைக்கு வந்தது. ஆய்வு செய்து நடவடிக்கை எடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. எத்தனை குழாய்கள் பிடுங்கப்பட்டன? எத்தனை கேட்டுகளுக்குச் சீல் வைக்கப்பட்டது? வைத்த சீல் இன்றும் இருக்கிறதா? இவற்றுக்கான பதில் ஊர் நடுவே எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஒட்டவில்லை.

குண்டாறு அணையின் உயரமே ஏறக்குறைய 36 அடிதான். மேலே ஓடையில் நாலு இடத்தில் குழாய் சொருகினால் போதும், கீழே அணை பெருகப் பிந்தும், குளத்துக்கு மடை திறக்கப் பிந்தும், நாற்றுப் பாவ வேண்டியவன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். அடவிநயினார் அணையை நம்பி நிற்கும் வடகரைக்காரர்களுக்கும் இதே நிலைமைதான். சிற்றாற்றுத் தண்ணீர் அணைக்கட்டு அணைக்கட்டாக இறங்கி மானூர் குளம் வரைக்கும் போய்ச் சேர வேண்டும். கடைமடைக்காரனுக்கு இது நீச்சல் தொட்டி விவகாரம் அல்ல, ஒரு போகம் உண்டா இல்லையா என்ற கேள்வி.

மலையின் தண்ணீருக்கு நேர்ந்தது மலையின் கல்லுக்கும் நேர்ந்தது. புளியரைச் சோதனைச்சாவடியில் ஓர் இரவு நின்றால் தெரியும். ஜல்லியும் எம்-சாண்டும் குண்டுக்கல்லும் ஏற்றிய டாரஸ் லாரிகள் வரிசை கட்டிக் கேரளத்துக்குப் போகின்றன. விழிஞ்ஞம் துறைமுகத்தில் கடலுக்குள் இறங்கிய பாறைகளில் நம் தெற்குச் சீமைக் கல்லும் உண்டு. நடைச்சீட்டு எத்தனை டன்னுக்கு, லாரியில் எத்தனை டன் என்று கேட்கும் இளைஞர்களை ஏதோ குற்றவாளிகளைப்போல நடத்துகிறார்கள். கல்லும் தண்ணீரும் போகும் பாதையைக் காப்பதில் மட்டும் ஆளும் கொடி, எதிர்க்கும் கொடி என்ற பேதம் இருப்பதில்லை. தேர்தல் மேடையில் ஒருவரையொருவர் திட்டிக்கொள்பவர்கள், குவாரி என்ற சொல் வந்ததும் வாயை மூடிக்கொள்கிறார்கள். பணத்தாசை அவர்களை ஒன்றுசேர்க்கிறது. நம்மை யார் என்ன கேட்டுவிட முடியும் என்ற திமிர் அவர்களைத் தைரியமாக நடமாட வைக்கிறது.

அதிகாரம் இப்படித்தான் இருக்கும் என்று சலித்துக்கொள்ளும் தோழர்கள் தென்காசிக் கோயிலுக்குப் போய் வாருங்கள். 15ஆம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் இதற்கு ஒரு குறை நேர்ந்தால் அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும் அவரை நான் பணிகிறேன் என்று கல்லில் வெட்டி வைத்தான். முடிசூடிய மன்னன், முகம் தெரியாத யாரோ ஒருவனுக்கு முன்கூட்டியே தலைவணங்கியிருக்கிறான். ஐந்தாண்டுப் பதவிக்கு வந்தவர்களோ மனுவோடு வரும் விவசாயியை உட்காரக்கூடச் சொல்வதில்லை. இந்தத் திமிரை ஊர் வழக்கம் என்று நாம் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை.

ஊரைக் கேட்டுத்தான் மலையில் கை வைக்க வேண்டும் என்பது புதிய பேச்சும் அல்ல. மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011இல் மேற்குத் தொடர்ச்சி மலை பற்றிய அறிக்கையைக் கொடுத்தது. மலையில் என்ன நடக்கலாம் என்பதை முடிவுசெய்வதில் கிராம சபைக்கு இடம் வேண்டும் என்றது அது. மலையைப் பங்கிட்டுக்கொண்ட மாநிலங்கள் அதைக் கிடப்பில் போட்டன. 2024 ஜூலையில் வயநாட்டில் நிலச்சரிவில் மண்ணுக்குள் போன ஊர்களைப் பார்த்தோம். மலை சரியும்போது பங்களாக்காரன் காரில் ஏறிப் போய்விடுவான். தோட்டத் தொழிலாளர் லயத்தில் தூங்குபவனுக்குப் போக்கிடம் ஏது?

தோழர்களே, மே 1 கிராம சபை நாள். தொழிலாளர் தினக் கொடியை ஏற்றிய கையோடு சபைக்கு வாருங்கள். தனியாக வராதீர்கள், 3001 முதல் 10,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 200 பேர் கூடினால்தான் சபை செல்லும். பீடிக் கடையில் சொல்லுங்கள், நூறு நாள் வேலைத் தளத்தில் சொல்லுங்கள், பள்ளிவாசலிலும் கோயில் திண்ணையிலும் சர்ச் வாசலிலும் சொல்லுங்கள். ஓடைகளின் புல எண்ணைக் குறித்துக்கொண்டு, குழாய் போகும் இடத்தைப் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். எங்கள் ஓடையில் தனியாருக்குக் குழாய் இல்லை, எங்கள் குன்றில் கிராம சபைக்குத் தெரியாமல் குவாரி இல்லை என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள், வெற்றுத் தாளில் போடாதீர்கள். குற்றாலம், மேலகரம், இலஞ்சி போன்ற பேரூராட்சிகளில் கிராம சபை இல்லை. அங்குள்ள தோழர்கள் உறுப்பினர் வீட்டுக் கதவைத் தட்டி, மன்றத்தில் இதைப் பேச வையுங்கள்.

செயற்கை அருவிகள் பற்றிய 2022 நீதிமன்ற உத்தரவின் மீது என்ன செய்தீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம், முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். ஊருக்கு ஒருவர் இன்றைக்கே எழுதுங்கள். அந்தப் பதில்களைக் கையில் வைத்துக்கொண்டு, சீசன் தொடங்கிய முதல் திங்கட்கிழமை தென்காசி ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து நிற்போம். வாருங்கள்!