வரைபடத்தில் இடம்பெறாத பாடு

ஒரு வட்டாரத்தில் பெருந்திட்டம் ஒன்று வரவிருக்கிறது என்றால், அதை யார் ஆராய்வது, யாரைக் கேட்டு ஆராய்வது, எந்தக் கட்டத்தில் கேட்பது என்னும் மூன்று வினாக்கள் எழுகின்றன. முதல் வினாவுக்கு நம் சட்டங்களில் விரிவான விடை உண்டு. இரண்டாவதற்கு ஓரளவு விடை உண்டு. மூன்றாவதற்கு நாம் தந்து வரும் விடை சரியானதுதானா என்பதைச் சென்னைக்கு வடக்கே, பழவேற்காட்டுக் கரையில் நின்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்து, நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. அதன் பெரும்பரப்பு ஆந்திரத்தில் இருக்கிறது. தென்பகுதி திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டுப் பகுதி 1980-ஆம் ஆண்டிலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஏரிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய மணல் நிலம். தெற்கே கொசஸ்தலை ஆறும் எண்ணூர்க் கழிமுகமும். ஊடே பக்கிங்காம் கால்வாய். இங்குள்ள மீனவர்கள் பருவத்துக்கு ஏற்ப ஏரி, ஆறு, கடல் ஆகிய மூன்றையும் நம்பி வாழ்பவர்கள்.

இந்த நீர்ப்பரப்புக்குத் தெற்கே அமைந்திருப்பது காட்டுப்பள்ளித் துறைமுகம். லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனம் அமைத்த அத்துறைமுகம் 2018-இல் அதானி குழுமத்தின் வசமானது. ஏறத்தாழ 330 ஏக்கரில் இயங்கிய அதை, 6,110 ஏக்கராக விரிவாக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. அதற்குத் தேவைப்படும் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, கடலைத் தூர்த்துப் பெறப்பட வேண்டியது. திட்டம் குறித்த பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரி 22 அன்று நடைபெறுவதாக இருந்து, கொரோனா பரவல் காரணமாகத் தள்ளிவைக்கப்பட்டது. பின்னர் 2023 செப்டம்பர் 5-க்கு அறிவிக்கப்பட்ட கூட்டமும் தள்ளிப்போனது. திட்டம் வேண்டும், வேண்டாம் என்னும் வாதங்கள் நிறையவே எழுதப்பட்டுவிட்டன. அத்தகைய ஒரு திட்டத்தை ஆராயும் முறையைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறேன்.

2006 செப்டம்பர் 14 நாளிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை நான்கு படிநிலைகளை வகுக்கிறது. திட்டம் எந்த வகையைச் சேர்ந்தது என்று பிரிப்பது முதற்படி. எவற்றை ஆராய வேண்டும் என்று வரையறுப்பது இரண்டாவது. பொதுமக்கள் கருத்தைக் கேட்பது மூன்றாவது. நிபுணர் குழு மதிப்பிடுவது நான்காவது. கடலோரத் திட்டமெனில், கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் பரிந்துரையும் வேண்டும்.

காகிதத்தில் இது முறையாகவே தோன்றும். ஆனால் வரிசையை உற்று நோக்குங்கள். எவற்றை ஆராய வேண்டும் என்று முடிவு செய்யும் இரண்டாம் படியில் மக்கள் இல்லை. அவர்கள் அழைக்கப்படும்போது திட்டத்தின் எல்லை வரையப்பட்டு, ஆய்வு முடிந்து, வரைவு அறிக்கையும் தயாராகியிருக்கும். அதுவரை செலவிடப்பட்ட பணமும் காலமும் திட்டத்தை ஒரு திசையில் தள்ளிக்கொண்டிருக்கும். அந்நிலையில் மக்கள் பதில் சொல்லலாமே தவிர, கேள்வியை மாற்ற இயலாது.

கூட்டத்தின் விதிகளும் கவனத்துக்குரியவை. குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவர் நியமிக்கும் உயரதிகாரியோ தலைமை தாங்குவார். இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்னும் குறைந்தபட்ச எண்ணிக்கை கிடையாது. முழு அறிக்கை ஆங்கிலத்திலும், அதன் சுருக்கம் மட்டும் உள்ளூர் மொழியிலும் இருந்தால் போதும். நீரோட்டம், அலைத்திசை, மணற்பெயர்ச்சி ஆகியவற்றைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்களிடம், அவை பற்றிய அத்தியாயங்கள் மட்டும் அவர்கள் படிக்க இயலாத மொழியில் தரப்படுகின்றன. இவ்விதிகளை மாற்றுவதற்காக 2020-இல் வெளியான வரைவு அறிவிக்கை, கருத்துச் சொல்லும் காலத்தை 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைக்க முனைந்தது. அந்த வரைவையே நாட்டு மொழிகளில் வெளியிடுமாறு தில்லி உயர் நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது.

இருப்பினும், கூட்டத்தைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று இருக்கிறது. அது வரைபடம். எந்தத் திட்டத்தின் மதிப்பீடும் வரைபடத்திலிருந்தே தொடங்குகிறது. வரைபடத்தில் உள்ள பொருளுக்குத்தான் பாதிப்பு உண்டா இல்லையா என்று கேட்பார்கள். அதில் இல்லாத பொருளுக்குப் பாதிப்பும் இல்லை. கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடங்கள் 1:25,000 என்ற அளவையில் வரையப்படுகின்றன. கரையில் 25 மீட்டர் அகலமுள்ள மீன் உலர்த்தும் களம் அவ்வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர். பேனா முனைக்குள் அது மறைந்துவிடும். 1:4,000 அளவையில் வரைந்தால் அதே களம் ஆறு மில்லிமீட்டருக்கு மேல் விரிந்து கண்ணுக்குத் தெரியும்.

சட்டம் இதை அறியாததன்று. மீனவ ஊர்கள், மீனவர்களின் பொதுச் சொத்துகள், படகுத்துறைகள், ஐஸ் ஆலைகள், மீன் உலர்த்தும் இடங்கள் ஆகியவற்றைப் புல எண் தெரியும் பெரிய அளவை வரைபடங்களில் குறிக்க வேண்டும் என்று 2011 அறிவிக்கை பணித்தது; 2019 அறிவிக்கையும் அவ்விதியைத் தொடர்கிறது. மீனவர்களின் எதிர்கால வீட்டுத் தேவைக்கும் மாநில அரசு திட்டம் வகுக்க வேண்டும். ஆனால் 2023-இல் தமிழகக் கடலோர மாவட்டங்களுக்கான வரைவு வரைபடங்கள் மக்கள் முன் வைக்கப்பட்டபோது, இவ்விவரங்கள் விடுபட்டிருப்பதாகவே மீனவர்கள் முறையிட்டனர். எண்ணூரில் நடந்தது இன்னும் கசப்பானது. 1996-இல் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் பாதுகாக்கப்பட்ட நீர்நிலையாகக் காட்டப்பட்டிருந்த கழிமுகம், பிந்தைய வரைபடம் ஒன்றில் இல்லாமற்போனதாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே பெற்ற ஆவணங்களைக் கொண்டு மீனவர்களும் சூழலியலாளர்களும் குற்றஞ்சாட்டினர்.

பழவேற்காட்டு மீனவர்களிடம் வரைபடம் இல்லையா? உண்டு. அதற்குப் 'பாடு' என்று பெயர். இறால் மிகுதியாக வரும் நீரோட்டத் தடங்களை அடையாளம் கண்டு, அவற்றில் எந்த ஊருக்கு எந்த இடம், எவருக்கு எந்த நாளில் முறை என்று சீட்டுப் போட்டும் சுழற்சி முறையிலும் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது. நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாது. வலைகளின் எண்ணிக்கையும் வரம்பு மீறாது. நகரமைப்புத் துறையினர் 'மண்டலப் பிரிப்பு' என்று அழைப்பதை, நீரின்மேல் கோடு கிழிக்காமலேயே இம்மக்கள் செய்து வருகிறார்கள். பொதுவளங்களைப் பயன்படுத்துவோரே விதி வகுத்துக் காக்க முடியும் என்று நிறுவியதற்காகவே எலினார் ஆஸ்ட்ராம் 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். அவர் உலகெங்கும் தேடிய எடுத்துக்காட்டுகளின் வரிசையில் வைக்கத்தக்க ஒன்று நம் தலைநகருக்கு அருகிலேயே இருக்கிறது.

பாடு முறையைக் குறையற்றதென்று போற்றுவதும் நேர்மையாகாது. அவ்வுரிமை பிறப்பாலும் சாதியாலும் வருவது. ஏரியில் கையால் இறால் தடவி எடுத்துப் பிழைக்கும் இருளர்களுக்கும், பெண்களுக்கும், பாட்டுரிமை இல்லாத பிற ஊரார்க்கும் அதில் இடமில்லை. ஆகவே பாட்டை வரைபடத்தில் ஏற்றும்போது, பாட்டுக்கு வெளியே நின்று அதே நீரை நம்பி வாழ்வோரையும் ஏற்ற வேண்டும். ஒரு விலக்கலைத் திருத்தப் போய் இன்னொரு விலக்கலுக்கு அரசு முத்திரை குத்திவிடக் கூடாது.

வரைபடத்தில் இல்லாததன் விளைவு கணக்கில் தெரியும். ஒரு திட்டத்தால் பயன் பெறுவோர், இழப்பவர்களுக்கு ஈடு செய்த பின்னும் மிச்சம் காண முடியுமானால் அத்திட்டம் ஏற்கத்தக்கது என்பது, 1939-இல் கால்டரும் ஹிக்ஸும் வகுத்த அளவுகோல். வகுப்பறையில் இதைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் ஓர் எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்வார்: ஈடு செய்ய 'முடியும்' என்பதுதான் அந்த அளவுகோல், ஈடு செய்தாக வேண்டும் என்பதன்று. பட்டா உள்ளவரின் இழப்பைச் சந்தை விலையில் கணிக்கலாம். கடலுக்கும் ஏரிக்கும் பட்டா கிடையாது. 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம், நீர்நிலையை நம்பி வாழும் மீனவர்களையும் படகோட்டிகளையும் பாதிக்கப்பட்ட குடும்பங்களாக ஏற்றது பெரும் முன்னேற்றம். ஆயினும் அது நிலம் கையகப்படுத்தப்படுவதைச் சார்ந்தே பிறக்கும் உரிமை. கடலைத் தூர்த்து நிலமாக்கும்போது இழப்பவர் யார் என்பதற்கு, ஆவணம் இருந்தாலன்றி எவரும் விடை சொல்லப் போவதில்லை.

இந்த இழப்பு கற்பனையன்று. நம் கிழக்குக் கடற்கரையில் மணல், ஆண்டின் நிகரக் கணக்கில் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. குறுக்கே அலைத்தடுப்புச் சுவர் எழுந்தால் தெற்கே மணல் சேரும். வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் எழுந்த பிறகு மெரினா அகன்றதும் ராயபுரம் கரையை இழந்ததும் இவ்வாறே. மெரினாவின் மணலில் நடப்பவர்கள் வேறு. ராயபுரத்தில் வீட்டை இழந்தவர்கள் வேறு. நன்மை ஒருபுறமும் செலவு மறுபுறமும் சேர்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

உள்ளூராரிடம் அதிகாரத்தைக் கொடுத்தால் எதுவும் நடக்காது என்று சிலர் அஞ்சுவர். அந்த அச்சத்திலும் பொருளுண்டு. அமெரிக்க நகரங்களில், உள்ளூர் மண்டல வாரியங்களின் முன் வீட்டு உரிமையாளர்கள் திரண்டு, புதிய குடியிருப்புகளைத் தடுத்து, வீட்டு விலையை ஏற்றிவிட்டனர் என்று பொருளியலாளர்கள் பலர் எழுதியுள்ளனர். ஆனால் அங்கே தடுப்பவர்கள் உடைமையும் வழக்கறிஞரும் உடையவர்கள். இங்கே அழைக்கப்படுவோர் உடைமைப் பத்திரம் இல்லாதவர்கள். அவர்களுக்கு மறுப்புரிமையும் இல்லை. மேலும், மீனவர்கள் எல்லாத் திட்டங்களையும் எதிர்ப்பவர்களும் அல்லர். மணல் மூடிப்போகும் பழவேற்காடு முகத்துவாரத்தை நிலையாகத் திறந்துவைக்குமாறு நெடுங்காலமாகக் கேட்டு வந்தவர்கள் அவர்களே. சரணாலயப் பகுதி என்பதால் அந்தச் சிறு திட்டமும் அனுமதிகளுக்காகக் காத்திருக்க நேர்ந்தது. சிறியதற்கும் பெரியதற்கும் ஒரே வாயில் என்றால், அதில் நிற்கும் வலிமை எளியவனுக்குத்தான் குறைவு.

செய்ய வேண்டியவை புதிய சட்டத்துக்காகக் காத்திருப்பவை அல்ல. முதலாவதாக, மாவட்ட ஆட்சியர் தலைமையில், குறைந்தது மூன்று பாரம்பரியக் கடலோர மக்கள் பிரதிநிதிகளுடன் கூடிய மாவட்டக் குழு வேண்டும் என்று கடலோர அறிவிக்கையே கூறுகிறது. அக்குழு குறித்த நாளில் கூட வேண்டும். அதன் நடவடிக்கைக் குறிப்பு தமிழில் வெளியிடப்பட வேண்டும். இரண்டாவதாக, பாட்டு இடங்கள், கையால் இறால் பிடிக்கும் பகுதிகள், வலை உலர்த்தும் மணல்வெளிகள் ஆகியவற்றை மீனவர்களோடு படகில் சென்று குறித்து, 1:4,000 அளவையில் வரைபடம் முடித்த பிறகே எந்தப் பெருந்திட்டத்தின் கருத்துக்கேட்பும் நடைபெற வேண்டும். மூன்றாவதாக, எவற்றை ஆராய்வது என்று வரையறுக்கும் கட்டத்திலேயே ஊர்க் கூட்டம் ஒன்று வேண்டும். நான்காவதாக, முழு அறிக்கையும் தமிழில் வேண்டும். கூட்டத்தில் எழுப்பப்பட்ட ஒவ்வோர் ஆட்சேபத்துக்கும் ஏற்பு அல்லது மறுப்பு, காரணத்துடன் எழுத்தில் தரப்பட வேண்டும்.

இது துறைமுகத்தோடு முடியும் செய்தியுமன்று. சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்க 2022-இல் அரசாணை வெளியானது. திருவள்ளூர் மாவட்டத்தின் ஊர்கள் பல அந்த எல்லைக்குள் வருகின்றன. பெருநகரத் திட்டக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கினர் உள்ளாட்சிப் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் 243 இசட்இ பிரிவு. வரவிருக்கும் மூன்றாவது முழுமைத் திட்டம் இந்தக் கரையோர ஊர்களை 'காலி நிலம்' என்ற நிறத்தில் தீட்டிவிட்டால், பின்னர் வரும் ஒவ்வொரு திட்டமும் அந்த நிறத்தையே சான்றாகக் காட்டும்.

துறைமுகம் விரியட்டும் அல்லது விரியாமற்போகட்டும். அது ஆய்வின் முடிவைப் பொறுத்தது. ஆனால் அந்த ஆய்வு, ஏரியில் இன்று எவருடைய முறை என்பதை அறிந்த மக்களையும் அவர்கள் நீரையும் முதலில் வரைபடத்தில் ஏற்றிவிட்டுத் தொடங்கப்பட வேண்டும். கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு நாள் குறிக்கும் முன் மாவட்ட நிர்வாகம் செய்ய வேண்டிய பணி அதுவே.